சீசன் முடிந்த பிறகு இடது காலோடு 14 வாரங்கள்

சென்ற சீசனில் மூன்று ஹாஃப் மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) ஓடினேன். மூன்றும் ஒரே மாதிரிதான் முடிந்தன. 15 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 5:20 (5 நிமிடம் 20 வினாடி) என்று பிசகாமல் போவேன். அதற்குப் பிறகு கால் கனக்க ஆரம்பிக்கும். கடைசி ஆறு கிலோமீட்டர் 6:10, 6:20 என்று இழுத்துக்கொண்டே போகும். முதல் முறை வெயில் மேல் பழியைப் போட்டேன். இரண்டாம் முறை தூக்கம் சரியில்லை என்றேன். மூன்றாவது ஓட்டத்துக்குச் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. நன்றாகத் தூங்கியிருந்தேன், காலை குளிர்ச்சியாக இருந்தது, பாதையும் சமதளம். அப்படியும் 1 மணி 57 நிமிடம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஓடவே இல்லை. அந்த ஓய்வில் மூன்று வருடப் பயிற்சிக் குறிப்புகளை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு ஆஃப் சீசனிலும் நான் செய்திருந்தது ஒன்றேதான்: வேகமான 5 கிலோமீட்டர், 400 மீட்டர் இன்டர்வெல் (வேகமாக ஓடி, இடையில் இளைப்பாறி, திரும்ப ஓடுவது), மறுபடியும் வேகமான 5 கிலோமீட்டர். எனக்கு எது நன்றாக வருமோ அதையே தேடித்தேடிச் செய்திருக்கிறேன். எது வராதோ அதன் பக்கமே போகவில்லை. அதைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. உழைக்காமல் இல்லை, நிறையவே உழைத்திருக்கிறேன். ஆனால் அத்தனை உழைப்பும் தேவையில்லாத இடத்தில் போயிருந்தது.

என்னோடு சேர்ந்து ஓடும் தம்பி ஒருவன் இருக்கிறான், என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க களைச்சதும் உங்க ஓட்டம் ஒரு பக்கமா சாயுது. நான் பின்னாடி வரும்போது பார்த்திருக்கேன்" என்றான். எத்தனை நாளாகப் பார்க்கிறாய் என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா" என்றான். சரி, பின்னால் இருந்தே ஒரு வீடியோ எடு என்று சொல்லிவிட்டு, வேகமாக எட்டு கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிறகு அவன் முன்னால் ஓடினேன்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வலது கால் தரையில் இருக்கும்போது இடுப்பு நேராக இருந்தது. இடது கால் தரையைத் தொட்டதும் வலது பக்க இடுப்பு கீழே இறங்கியது, இடது முட்டி உள்பக்கம் திரும்பியது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் தொங்கிவிடாமல் பிடித்து வைப்பது, நிற்கும் காலின் பக்கவாட்டு இடுப்புத் தசை. அது தளர்ந்தால் எதிர்ப்பக்கம் இறங்கும். ட்ரெண்டலென்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895-லேயே இதை விவரித்திருக்கிறார். என்னுடையது நோய் அளவுக்கு இல்லை. ஆனால் அடிப்படை அதேதான், ஒவ்வொரு இடது அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக பலம் வீணாகிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கெண்டைக்காலைச் சோதித்தேன். சுவரில் இரண்டு விரல் மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலை முழுசாகத் தூக்கி இறக்க வேண்டும். போனில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு மேலே, ஒரு தட்டுக்குக் கீழே. முட்டி மடங்கினாலோ உயரம் குறைந்தாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். 25 முறை என்பதைப் பொதுவான இலக்காகச் சொல்வார்கள், வயதைப் பொறுத்து அது குறையும். வலது காலில் 24 வந்தது. இடது காலில் ஒன்பதாவதிலேயே குதிகால் பாதி உயரத்துக்குத்தான் போனது. பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதற்குக் கால் எழவே இல்லை. சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். அழுகை வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இடது கணுக்கால் பிசகியது. வீக்கம் வடிந்ததும், வலி போனதும் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டேன். கொடுத்திருந்த பயிற்சிகளை நான்கு நாள்கூடச் செய்யவில்லை. வலி போனால் பலமும் திரும்பிவிட்டது என்று நம்பியிருந்தேன். பலம் தானாகத் திரும்பாது. வலது கால் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கப் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான். 15 கிலோமீட்டருக்குப் பிறகு வலது காலும் களைத்துவிடும், அப்போது இரண்டும் சேர்ந்து கைவிரிக்கும்.

வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆரம்பித்தேன். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, முட்டியை நேராக வைத்து ஒரு முறை, மடக்கி வைத்து ஒரு முறை. மடக்கிச் செய்வது முக்கியம், கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு அப்போதுதான் வேலை அதிகம். நீண்ட தூர ஓட்டத்தில் அடிக்கு அடி பாரம் தாங்குவது அதுதான். எப்போதும் இடது காலைத்தான் முதலில் செய்வேன். இடது எத்தனை செய்கிறதோ வலதுக்கும் அத்தனைதான், ஒன்றுகூட அதிகம் கிடையாது. இடுப்புக்குப் பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையில் உடம்பைத் தூக்கி நிறுத்துவது), ஒற்றைக் காலில் படியிலிருந்து மெதுவாக இறங்குவது, ஒற்றைக் கால் டெட்லிஃப்ட் (ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது). இவை சலிப்பான வேலைகள், யாரும் பார்த்துப் பாராட்ட மாட்டார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். முன்னேற்றம் தெரிந்ததும் ஆசை வந்து, முதுகுப்பையில் புத்தகங்களை நிரப்பி எடையை ஒரேயடியாகக் கூட்டினேன். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கியதும் குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் தசையை எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் விறைத்துக்கொண்டது. தசை சில வாரத்தில் பலம் பெறும். தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் மாறும். அதைப் படித்திருந்தும் மறந்துவிட்டேன். பத்து நாள் எடையே இல்லாமல் செய்தேன். அதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: இன்று செய்ததால் நாளைக் காலை விறைப்பு கூடினால், இன்றைய அளவு அதிகம் என்று அர்த்தம். செய்யும்போது எப்படி இருந்தது என்பதை விட, மறுநாள் முதல் பத்து அடி எப்படி இருக்கிறது என்பதை நம்புகிறேன்.

இதெல்லாம் உடம்பின் பலவீனம், ஒத்துக்கொள்ள முடிந்தது. மெதுவாக ஓட முடியாமல் இருந்ததை ஒத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. "ஈசி ரன்" என்று குறித்து வைத்த ஓட்டமெல்லாம் 6:05 பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்). மூச்சிரைக்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் ஈசி. அப்படிப் பேசிக்கொண்டே ஓடிப் பார்த்தேன், 7:10 வந்தது. ஏற்றத்தில் நடக்க வேண்டியிருந்தது. தெரிந்தவர்கள் கடந்துபோகும்போது என்னையறியாமல் வேகம் கூடும், இதயத் துடிப்பு ஏறும். யாருக்காகக் கூட்டுகிறேன் என்று ஒரு நாள் நின்று யோசித்தேன். அன்றிலிருந்து வாட்ச்சில் பேஸ் வரும் திரையை எடுத்துவிட்டு, இதயத் துடிப்பு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் வீரர்களுக்கு நீண்ட, நிதானமான ஓட்டங்களைத்தான் அடித்தளமாகப் போட்டார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டும் வென்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற 800 மீட்டருக்கே அவ்வளவு தூரம் ஓடினார்கள் என்றால், இரண்டு மணி நேரம் ஓடுகிற நான் எதைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன்? நிதான ஓட்டத்தில் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்களும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும், கொழுப்பை எரிபொருளாக எடுக்கிற திறன் வளரும். அவசரப்படுத்தினால் வராது. ஒன்பதாவது வாரம் அதே இதயத் துடிப்பில் பேஸ் 6:40 ஆனது. திரையில் பார்க்காமல், வீட்டுக்கு வந்து குறிப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தம்பிக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

போட்டியில் ஆரம்பத்திலேயே பாய்கிற பழக்கத்துக்கும் இதே மருந்துதான் உதவியது. நீண்ட ஓட்டங்களை எப்போதும் மெதுவாகத் தொடங்கி, கடைசி மூன்றில் ஒரு பங்கை மட்டும் கூட்டி முடித்தேன். அப்புறம் இழந்தது ஒன்றும் உண்டு: 400 மீட்டர் வேகம் ஒரு ஆறு வினாடி குறைந்திருக்கிறது. அதற்கு வருந்தவில்லை, சீசன் நெருங்கும்போது சில வாரத்தில் திரும்ப வரும்.

பதினான்காவது வாரம் மறுபடி சோதித்தேன். வலது 26, இடது 21. வீடியோவில் எட்டு கிலோமீட்டர் வரை இடுப்பு நேராக இருக்கிறது, 14-க்கு மேல் இன்னும் லேசாக இறங்குகிறது. முட்டி மடக்கிச் செய்வதில் இடது கால் நான்கு எண்ணிக்கை பின்தங்கியிருக்கிறது. அதனால் சீசன் தொடங்கினாலும் வாரத்துக்கு இரண்டு நாள் படிக்கட்டு தொடரும். முதல் ஹாஃப் மாரத்தானுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அன்றைக்கு 15-வது கிலோமீட்டரில் என் பின்னால் வந்து வீடியோ எடுப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.