கேபிலரிக்கு உள்ளே ஒரு மெல்லிய பூச்சு

நான் தயாரித்த ஒரு புது பாலிமரைக் கேபிலரி என்ற முடிபோன்ற நுண்குழாயின் உட்சுவரில் பூசி, கலவையை வாயுவோடு ஓட்டித் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபியில் அது எப்படிப் பிரிக்கிறது என்று பார்க்க வேண்டும். என் ஆராய்ச்சியில் பாதி இதுதான். ஆனால் கைடு ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த எஸ்இ-54 என்ற சிலிக்கோன் பாலிமர்ப் பூச்சை ஒழுங்காக ஏற்றிக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் என் பாலிமரைத் தொடலாம். அதற்கு எனக்கு மூன்று கேபிலரிகளும் நான்கு மாதங்களும் ஆயின.

முறை கேட்க எளிமையானது. பூச்சுப் பொருளைப் பென்டேனில் கரைத்துக் குழாய் முழுக்க நிரப்ப வேண்டும். ஒரு முனையை மூடிவிட்டு, மறுமுனையில் வேக்குவம் பம்பை மாட்ட வேண்டும். பென்டேன் ஆவியாகிப் போகப் போக, பாலிமர் சுவரில் படிந்துகொண்டே வரும். என் குழாய் 0.25 மி.மீ. உள்விட்டம், 15 மீட்டர் நீளமுள்ள ஃபியூஸ்டு சிலிக்கா, அதாவது தூய சிலிக்காக் கண்ணாடி. 100 மில்லியில் 0.4 கிராம் என்று கரைத்தால் பூச்சின் தடிமன் ஏறக்குறைய 0.25 மைக்ரான் வரும். அந்தக் குழாய் கொள்வது முக்கால் மில்லிகூட இல்லை. அதாவது 15 மீட்டர் முழுக்கப் பரவப்போவது வெறும் 3 மில்லிகிராம் பாலிமர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் இந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

முதல் கேபிலரி மூடிய முனையில் போனது. மூடுவதற்கு வாட்டர் கிளாஸ், அதாவது சோடியம் சிலிக்கேட் கரைசல் பயன்படுத்தினேன். அதற்கும் என் கரைசலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி இருந்திருக்கிறது. பம்பை ஓட்டியதும் அது விரிந்து, உள்ளே இருந்த திரவத்தை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டது. சீனியர் அக்கா வந்து பார்த்துவிட்டு, “முனையை மூடுறதுதான்பா வேலையே, மத்ததெல்லாம் காத்திருக்கிறதுதான்” என்றார். அவர் சொல்லிக் கொடுத்தபடி, கரைசலை முதலில் அல்ட்ராசோனிக்கில் வைத்துக் காற்றை வெளியேற்றினேன். முனையில் ஒரு சொட்டு வெளியே துளிர்க்கும்படி தள்ளி, அந்த ஈரத்தோடேயே வாட்டர் கிளாஸில் தொட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்து, இரவு முழுக்க இறுக விட்டேன். பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கும். சென்னையில் மே மாதம் ஏசி நின்றால் அறையே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அதனால் குழாய்ச் சுருளைத் தண்ணீர்த் தொட்டியில் 28 டிகிரியில் வைத்தேன். திரவத்தின் விளிம்பு ஒவ்வொரு வளையமாகப் பின்வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

இரண்டாவது கேபிலரி நன்றாக வந்தது என்றே நினைத்தேன். அண்டெகேன் என்ற ஆல்கேனின் பீக், அதாவது அது வெளிவரும்போது வரைபடத்தில் எழும் முகடு, ஊசி மாதிரி நின்றது. ஆனால் ஆக்டனால் என்ற ஆல்கஹாலைச் செலுத்தியபோது பீக்குக்கு நீண்ட வால். டைசைக்ளோஹெக்ஸைல் அமின் என்ற காரம் வெளியே வரவே இல்லை. சுவரில் மிச்சமிருந்த சிலனால் (Si-OH) தொகுதிகள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டன. ஆல்கேன் எதையும் பிடித்துக்கொள்ளாது, அதனால் எந்தச் சுவரிலும் அழகாகத்தான் ஓடும். அதை மட்டும் வைத்துக் கேபிலரியை நல்லது என்று சொல்வது தப்பு. 1978-இல் குரோமட்டோகிராபி ஆய்வாளர்களான குரோப் குடும்பத்தினர் வெளியிட்ட சோதனைக் கலவையில் ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம், காரம் என்று எல்லாம் கலந்திருப்பதற்குக் காரணமே இதுதான்.

மூன்றாவது முறை பூசுவதற்கு முன்பே சுவரைச் சாந்தப்படுத்தினேன். நைட்ரஜன் ஓட்டத்தில் குழாயைக் காயவைத்து, சிலனால்களை மூடிவிடும் ஹெக்ஸாமெத்தில் டைசிலசேன் ஏற்றி, இரு முனைகளையும் மூடி 300 டிகிரியில் ஒரு இரவு. அப்புறம் பூச்சுக் கரைசலில் கொஞ்சம் டைகுமைல் பெராக்சைடு சேர்த்தேன். பூசி முடித்துச் சூடாக்கினால் பாலிமர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். பிணைந்ததா என்று பார்க்க, டைகுளோரோமீத்தேன் விட்டுக் கழுவினேன். டோடெகேன் என்ற ஆல்கேனின் தக்கவைப்புக் காரணி, அதாவது பூச்சு அதை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்ற அளவு, கழுவுவதற்கு முன் 5.2 இருந்தது, பின்பு 5.0. பூச்சு நின்றுவிட்டது.

சரி, திறன் எவ்வளவு? மீத்தேன் செலுத்தி, எதிலும் தங்காத பொருள் வெளிவரும் நேரத்தை அளந்தேன். அப்புறம் டோடெகேன் பீக்கின் பாதி உயரத்து அகலத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மீட்டருக்கு ஏறக்குறைய 3,800 தட்டுகள் (பிரிக்கும் திறனை எண்ணும் அலகு). ஒரு கேபிலரி எட்டக்கூடிய திறனைச் சொல்லும் கோலே சமன்பாட்டின்படி இந்த விட்டத்துக்கு இதே தக்கவைப்பில் உச்சம் 4,760 அளவு. அதாவது 80 சதவீதம். ஆக்டனாலின் வால் போயே விட்டது. அமின் பீக் குட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் வருகிறது.

குரோமட்டோகிராமைக் கைடிடம் நீட்டினேன். அவர் டோடெகேனைப் பார்க்கவே இல்லை. நேராக அமின் பீக்கில் விரலை வைத்து, “இது இன்னும் கொஞ்சம் எழும்பணும். ஆனா உங்க பாலிமரை எடுத்துக்கலாம்” என்றார். மறுநாள் காலையில் புதுக் குழாயை வெட்டினேன்.