எழுத்து தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா?

நாணயங்களைப் பரிசோதித்துச் சொல்லும் இந்த வேலையில் அதிகம் வரும் கேள்வி, "இது டபுள்ட் டை தானே?" என்பதுதான். நாணயம் அடிக்கும் அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்துவிட்ட பிழைக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் இல்லை. ஆனால் வெறுமனே 'இல்லை' என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. காரணத்தை லென்ஸ் வழியாக நாணயம் கொண்டுவந்தவரே பார்த்துவிட்டால், அடுத்த நாணயத்துக்கு நான் தேவைப்பட மாட்டேன்.

முதலில் வெளிச்சத்தைச் சோதிப்பேன். விளக்குக்கு அடியில் நாணயத்தை மெல்லத் திருப்பும்போது இரண்டாவது கோடு நகர்ந்தாலோ மறைந்தாலோ, அது பளபளப்பான எழுத்தின் சரிவில் பட்ட ஒளி. போனில் எடுத்த படங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.

உண்மையான டபுள்ட் டையில் பிழை அச்சிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் ஒரே அழுத்தில் உருவம் அச்சில் முழுதாக இறங்காது. அச்சைச் சூடாக்கி இளக்கி, ஹப்பை, அதாவது அச்சில் உருவத்தைப் பதிக்கும் மூல முத்திரையை, மறுபடி வைத்து அழுத்துவார்கள். அப்போது கொஞ்சம் விலகினாலும் இரண்டு பதிவுகளும் அச்சில் தங்கிவிடும். பிறகு அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில். 1955 அமெரிக்க ஒரு சென்ட்டில் வருடமும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்.

குழப்புவது மெஷின் டபுளிங். அடி விழுந்த கையோடு தளர்ந்த அச்சு அசைந்து, எழுந்து நிற்கும் எழுத்தின் பக்கத்தைத் தட்டையாக நசுக்கிவிடும். எழுத்தின் உலோகத்திலிருந்தே அந்தத் தட்டையான படி உருவாவதால், எழுத்து மெலிந்திருக்கும். உண்மையானதில் எழுத்து தடித்திருக்கும், முனைகள் பிளந்திருக்கும், இரண்டு பதிவும் உருண்டு நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 1969 'எஸ்' சென்ட். சான் பிரான்சிஸ்கோ நாணயசாலையைக் குறிக்கும் அந்த எஸ் குறியை ஹப் வேலை முடிந்தபின் அச்சில் தனியாகக் கையால் அடித்தார்கள். அதனால் அசல் டபுள்ட் டையில் வருடம் இரட்டித்திருக்கும், எஸ் இரட்டித்திருக்காது. வருடத்தோடு எஸ்ஸும் அதே பக்கம் நகர்ந்திருந்தால், மெஷின் டபுளிங் என்றே எடுத்துக்கொள்வேன்.

இரட்டிப்புபோல ஏமாற்றுபவை இன்னும் இரண்டு உண்டு. 1982-க்குப் பிந்தைய சென்ட்டுகள் சிலவற்றில் தாமிரப் பூச்சு எழுத்தோரம் பிளந்து, உள்ளிருக்கும் துத்தநாகம் சாம்பல் கோடாக எட்டிப்பார்க்கும். அச்சு தேய்ந்திருந்தால் எழுத்தோரம் ஊதி, நிழல்போல ஒரு வரம்பு தெரியும்.

புழக்கத்தில் முனைகள் தேய்ந்துபோன நாணயம்தான் சிரமம். ஏற்கெனவே பதிவான அச்சின் படத்தோடு பொருந்தவில்லையென்றால், 'உறுதிசெய்ய முடியாது' என்றே எழுதிக் கொடுக்கிறேன்.