மூன்றாவது பெல்ட்

போன மே மாதம் கோத்தகிரிக்கு வந்தபோது என் பெட்டியில் அம்மாவுக்கு ஒரு சால்வை, அப்பாவுக்கு மூட்டுவலித் தைலம், அடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு அறுந்த ரப்பர் பெல்ட்டுகள். அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத எதுக்குய்யா இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்த?" என்று கேட்டார். அப்பா எதுவும் கேட்கவில்லை. பெல்ட்டை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போய்விட்டார். முப்பது வருடம் தேயிலை பேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அவருக்காகத்தான் கொண்டு வந்திருந்தேன்.

நான் இருப்பது யெல்லோநைஃப். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரம், கிரேட் ஸ்லேவ் ஏரியின் கரையில் இருக்கிறது. டிசம்பரில் ஐந்து மணி நேரம்தான் பகல். மைனஸ் 30 டிகிரி அங்கே சாதாரணம். முதல் குளிர்காலத்தில் கிடங்கு வேலை முடிந்தால் அறை, அறை விட்டால் கிடங்கு என்று கிடந்தேன். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் புல் மேல் வெள்ளையாய் உறைபனி படிவதைப் பார்த்து வளர்ந்தவன், குளிர் எனக்குப் பழக்கம் என்று நம்பிப் போயிருந்தேன். அந்தக் குளிர் வேறு. இரண்டாம் வருடம், பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். உறைந்த ஏரியின் மேல் வண்டியை ஓட்டி, பனியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் தந்த தேநீரைக் குடித்த அன்றைக்குத்தான் அந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

என்ஜின் பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு புல்லிகளில் மாட்டி அந்த வண்டியை ஓடவைக்கும் பெல்ட்தான் ஏரி நடுவே அறுந்தது. படார் என்று ஒரு சத்தம். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, வண்டி நகரவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்க நூலும் ரப்பர் துணுக்கும். மாற்று பெல்ட் என்னிடம் இல்லை. நாற்பது நிமிடம் நின்றேன். அந்த வழியாக வந்த அந்த மண்ணின் பழங்குடியான டெனே இனத்துப் பெரியவர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தார். மாற்று பெல்ட் இல்லாமல் ஏரிக்குள் போகாதே என்று சொன்னாரே தவிர, வேறு ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

இரண்டாவது பெல்ட்டை விலை பார்த்து வாங்கினேன். கம்பெனி பெல்ட் 200 டாலருக்குப் பக்கம். பாதி விலைக்கு ஒன்று கிடைத்தது, பார்வைக்கு அதே நீளம், அதே பற்கள். மாட்டிய நாளிலிருந்தே வண்டி கிளம்பும்போது திணறியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் உறுமல், பிறகு ஒரு குலுக்கல், அப்புறம்தான் ஓட்டம். அந்த வண்டிக்குச் சொன்ன அகலத்தைவிட அது கொஞ்சம் ஒல்லி. அதனால் பின்பக்கப் புல்லியில் உட்கார வேண்டிய உயரத்தில் உட்காராமல் உள்ளே இறங்கிக் கிடந்தது. சைக்கிளில் பெரிய கியரைப் போட்டு மேட்டில் கிளம்புவது போல. வழுக்கி வழுக்கிச் சூடேறி, அதே பனிக்காலம் முடிவதற்குள் அதுவும் போனது.

அப்பா இரண்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து விரலால் ஓரத்தைத் தடவினார்.

"இது பக்கமெல்லாம் பளபளன்னு இருக்கு பாரு. வழுக்கியிருக்கு. சூட்டுல ரப்பர் வெந்துபோச்சு." இரண்டாவதைப் பற்றிச் சொன்னது அது. பிறகு முதலாவதை எடுத்தார். "இதுல அம்புக்குறி போட்டிருக்கே, என்னது?"

"சுத்துற திசைப்பா. அந்தக் குறி பார்த்துத்தான் மாட்டணும்."

"அப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் மாட்டியிருந்துச்சா?"

ஆமாம் என்றேன். இரண்டின் அம்புக்குறியையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தார். இரண்டிலும் இடது ஓரம்தான் நூல் பிரிந்து கிடந்தது. நான் மாதக்கணக்கில் வைத்திருந்தும் கவனிக்காதது.

"பெல்ட்டு மேல குத்தமில்ல தம்பி. புல்லி ரெண்டும் நேரா இல்ல."

பேக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் ஃபேன்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வி-பெல்ட். ஒன்று அறுந்தால் அப்பா அத்தனையையும் சேர்த்துத்தான் மாற்றுவார். பழையது நீண்டிருக்கும், புதியது இழுத்துப் பிடிக்கும், பாரம் முழுக்கப் புதியதன் தலையில் விழும் என்பார். அதே ஃபேனில் மறுபடியும் அறுந்தால் புது பெல்ட் கேட்டு ஸ்டோருக்குச் சீட்டு அனுப்பமாட்டார். நூல் பிடித்துப் பார்ப்பார். ஒரு புல்லியின் முகத்திலிருந்து அடுத்ததன் முகத்துக்கு நூலை இழுத்துப் பிடித்தால் எங்கே கோணல் என்று தெரிந்துவிடும். சின்ன வயதில் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நானே நின்றிருக்கிறேன்.

ஆனால் அப்பாவுக்குத் தெரிந்த புல்லிகள் அசையாதவை. விரிந்து சுருங்கும் புல்லியை நான் வாயால் விளக்கியது அவருக்குப் போதவில்லை. மறுநாள் கடைவீதியில் ஸ்கூட்டர் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் என் பள்ளித் தோழனிடம் போனோம். "ஃபிட்டர் மாமா, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கியரில்லாத ஒரு ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். ஸ்னோமொபைலின் உள்ளேயும் இதே தத்துவம்தான். என்ஜின் பக்கப் புல்லி வேகம் கூடக்கூட நெருங்கும், பெல்ட் மேலேறும். பின்பக்கப் புல்லி விரியும், பெல்ட் அங்கே கீழிறங்கும். கியர் மாற்றும் வேலையை அந்த ஏற்ற இறக்கமே செய்துவிடுகிறது. ஸ்கூட்டரில் உருளைகள் வெளியே தள்ளப்பட்டுப் புல்லியை நெருக்கும். ஸ்னோமொபைலில் அந்த வேலைக்கு, சுற்றும் வேகத்தில் வெளியே விரியும் எடைக்கைகள். அப்பா அந்த உருளைகளைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். இந்த வயதில் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

திரும்பி நடக்கும்போது கேட்டார்: "உன் வண்டியில என்ஜின் எதுமேல உக்காந்திருக்கு?"

"ரப்பர் மவுண்ட் மேலப்பா."

"அதப் பாரு முதல்ல. பெல்ட் அப்புறம் வாங்கலாம்."

அன்று இரவு சமையலறையில் அம்மா கேட்டார், இவ்வளவு பாடு பட்டு அந்த வண்டி எதற்கு என்று. கியூபெக்கின் வால்கோர்ட் ஊரில் இருந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் கதையைச் சொன்னேன். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டிகளை அவர் விற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஸ்கிடூ என்ற சின்ன வண்டி 1959இல் வந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "உன் பாட்டியக் கம்பளியில கட்டித்தான் தூக்கிட்டுப் போனோம். மழையில ரோடு சரிஞ்சு கெடந்துச்சு" என்றார். பாட்டி இலங்கை மலையில் கொழுந்து பறித்தவர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப வழிசெய்த 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, ஒன்பது வயது மகனோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். அந்த மகன்தான் அப்பா. அதன்பிறகு அம்மா அந்த வண்டியை ஏன் என்று கேட்கவில்லை.

செப்டம்பரில் யெல்லோநைஃபில் வண்டியைத் திறந்தேன். முன்பக்க மவுண்ட் ஒன்றில் ரப்பர் பாதி கிழிந்திருந்தது. நின்ற நிலையில் நூல் பிடித்தால் எல்லாம் நேராகத் தெரியும். பாரம் ஏறும்போது மட்டும் என்ஜின் ஒரு பக்கம் திரும்பும், பெல்ட்டின் ஒரு ஓரம் அரைபடும். அந்த மவுண்டோடு மற்றவற்றையும் சேர்த்து மாற்றினேன். ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றும் அப்பாவின் பழக்கம் எனக்கும் வந்திருந்தது.

மூன்றாவது பெல்ட்டைப் பார்வையை நம்பி வாங்கவில்லை. மாடலும் வருடமும் சொல்லி, வண்டிக் கம்பெனியின் கையேட்டில் இருந்த பாக எண்ணை எழுதிக்கொண்டு போனேன். ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த வருட வண்டிகளுக்குக்கூட எண் வேறாக இருக்கலாம். வெளிச்சுற்றளவு, மேல் அகலம், பக்கச் சரிவின் கோணம் மூன்றும் புல்லியோடு பொருந்த வேண்டும், கோணம் மாறினால் பெல்ட் ஓரத்தில் ஒரு கோட்டில் மட்டுமே பிடிக்கும். பெயர்பெற்ற பெல்ட் கம்பெனிகளின் மாற்று பெல்ட்டையும் அதே எண்ணுக்கு நேராகப் பார்த்து வாங்கலாம், தவறில்லை. எனக்கு அந்த வருடம் சந்தேகத்துக்கு இடம் வைக்க மனமில்லை. உள்ளே சூட்டையும் இழுவையையும் தாங்கும் அராமிட் நூல் ஓடும் கம்பெனி பெல்ட்டையே எடுத்தேன், 200 டாலர் கொடுத்து.

மாட்டுவதற்கு முன் பெல்ட்டை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். புல்லிகளின் முகத்தை நார்ப்பட்டையால் தேய்த்து, பழைய ரப்பர் படிவு போக ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. பிறகு இழுவிசை. இரண்டு புல்லிக்கும் மேலே நேர்க்கட்டை வைத்து நடுவில் பெல்ட்டை அழுத்தினால் எவ்வளவு தாழ்கிறது என்பது அளவு. பல வண்டிகளுக்கு அது 30 மில்லிமீட்டரை ஒட்டி வரும், உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே சரி. இறுக்கமாகிவிட்டால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்து முன்னே போகும். தளர்ந்தால் மறுபடி அந்தத் திணறல். முதல் 50 கிலோமீட்டர் பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் போகவில்லை. மாற்று பெல்ட்டாக வாங்கிய இன்னொன்றையும் அதே போல ஓட்டிப் பழக்கிய பிறகே மூடிக்குள் வைத்தேன், இறுக்கி மடிக்காமல்.

வண்டியை நகர்த்தும் அடிப்பட்டையான டிராக் தரையோடு உறைந்திருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதுதான் பெல்ட்டுக்குச் செய்யும் பெரிய கொடுமை. டிராக் நகராது, முன்புல்லி ஒரே இடத்தில் பெல்ட்டைத் தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கிவிடும். அதனால் இப்போதெல்லாம் நிறுத்தும்போதே வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி அடியில் கட்டை வைக்கிறேன். காலையில் என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, பெல்ட்டின் விறைப்பு போக மெதுவாகக் கிளம்புகிறேன்.

அப்பா ஃபேன் கூட்டின்மேல் சாக்பீஸால் தேதி எழுதுவார். நான் பெல்ட் மூடியின் உள்பக்கம் கிலோமீட்டர் எழுதுகிறேன். அகலம் 3 மில்லிமீட்டர் குறைந்தால் மாற்ற வேண்டும் என்கிறது என் கையேடு. போன ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"2,140 ஆச்சுப்பா. ஒரு மில்லிமீட்டர்கூடத் தேயல."

"ஓரம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. பளபளப்பு இல்ல, மங்கலாத்தான் இருக்கு."

பின்னால் பேக்டரியின் இரைச்சல் கேட்டது. அங்கே இரவு ஷிப்ட் தொடங்கியிருந்தது.

"சரி. அடியில கட்டை வச்சியா?"

"வச்சுட்டேன்பா."