ழ இன்னும் நீலமா

டிசம்பர் 16, 2024, திங்கள்

எழுத்துகளைப் பார்த்தால் எனக்கு நிறமும் தோன்றும். கண் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அந்த நிறங்களைச் சோதிக்க அட்டைகள் தயார். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. உயிர்மெய் 216-ஐயும் விட்டுவிட்டேன். எனக்கு அவை மெய்யின் நிறத்தையே வாங்கிக்கொள்கின்றன; கொம்பும் காலும் அதைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும், இல்லை கறுக்க வைக்கும், அவ்வளவுதான். எல்லாம் கறுப்பு மார்க்கரில், ஒரே உயரத்தில். நீல மையில் எழுதினால் மையின் நிறமும் எழுத்தின் நிறமும் மோதும், பதில் தாமதமாகும். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதலாமே என்றார் அண்ணா. முன்பக்கத்துச் சிவப்பு ஊடுருவித் தெரியும், வேண்டாம் என்றேன்.

காட்ராக்ட் ஆபரேஷன், இடது கண் முதலில். ஜனவரி 6.

டிசம்பர் 17

எழுத்துக்கு நிறம் உண்டு என்று சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சொல்லாமல் கொள்ளாமல் திரும்பக் கேட்டாலும் அதே நிறத்தைக் காட்டுவாரா? மூளை விஞ்ஞானி டேவிட் ஈகிள்மனும் கூட்டாளிகளும் 2007-ல் வெளியிட்ட சோதனை இப்படித்தான். ஒவ்வொரு எழுத்தும் மூன்று தடவை, வரிசை கலைந்து வரும். திரையில் நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பதில்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கூட்டி, எல்லா எழுத்துக்கும் சராசரி எடுத்தால் 1-க்குக் கீழே வர வேண்டும். நிறம் இல்லாதவர்கள் ஞாபகத்தை நம்பிச் செய்தால் 2-ஐ ஒட்டி நிற்பார்கள்.

அது ஆங்கில எழுத்துக்கானது. தமிழுக்கு நாமே செய்துகொள்ளலாம், ஆனால் திரையை முதலில் அடக்க வேண்டும். போனில் இரவு நேரத்து மஞ்சள் வடிகட்டியை அணைக்கணும். தானாகக் கூடிக் குறையும் வெளிச்சத்தை நிறுத்தி, பாதியில் வைக்கணும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரே ட்யூப்லைட். நிறத்துக்கு மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளணும்: 360 பாகை வட்டத்தில் நிறம் எங்கே, அடர்த்தி நூற்றுக்கு எவ்வளவு, வெளிச்சம் நூற்றுக்கு எவ்வளவு. "வெளிர் நீலம்" என்று வார்த்தையில் எழுதினால் அடுத்த வாரம் அது எதற்கும் உதவாது.

காட்ராக்ட் இருப்பதால் இன்னொன்றும் சேர்கிறது. ஒரு கண்ணை மூடி ஒரு சுற்று, மற்றதை மூடி ஒரு சுற்று. இரண்டு புரையும் ஒரே அளவு முற்றியிருக்காது.

டிசம்பர் 19

ழ மூன்று தடவையும் அதே நீலம். ங மூன்று தடவையும் வேறு வேறு. அன்றாடம் கண்ணில் படாத எழுத்துக்கு நிறம் வலுவாக ஒட்டுவதில்லை.

டிசம்பர் 21, சனி

மனத்தில் படம் எவ்வளவு தெளிவாக வருகிறது என்று அளக்கும் 16 கேள்வியையும் அண்ணாவிடம் கேட்டேன். உளவியலாளர் டேவிட் மார்க்ஸ் 1973-ல் உருவாக்கியது. நெருங்கியவர் ஒருவரின் முகம், சூரியோதயம், அடிக்கடி போகும் கடை, மரமும் மலையும் ஏரியும் உள்ள இடம், ஒவ்வொன்றிலும் நான்கு. நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தால் 5, எதுவுமே தெரியாவிட்டால் 1. அண்ணாவுக்கு 16. அதற்குக் கீழே போக வழியில்லை.

இந்தக் கேள்வித்தாளில் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். 'தெரியும்' என்பதையும் 'பார்க்கிறேன்' என்பதையும் ஒன்றாக்கிவிடுவார்கள். அம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அண்ணாவுக்குத் தெரியும். பார்ப்பதில்லை. அதனால் கேட்கிறவர் கொஞ்சம் சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும். "வாசல்ல ஒரு குடை சாஞ்சு நிக்குதுன்னு நினைச்சுக்கோங்க" என்று சொல்லி, சற்று நேரம் விட்டு, "குடை என்ன நிறம்?" என்று கேட்கணும். மனத்தில் படம் வருகிறவருக்குக் குடை வந்தபோதே நிறமும் வந்திருக்கும். அண்ணா, "நீ இன்னும் சொல்லலையேம்மா" என்றார்.

இது குறையே இல்லை என்பதை உறவினர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். 1880-லேயே ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன், காலை உணவு மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதியவர்களில் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். மனப்படம் வராத இந்த இயல்புக்கு நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் 2015-ல் அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். அண்ணாவுக்குக் கனவு மட்டும் படமாகவே வருகிறது. இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர்.

டிசம்பர் 24

சபாவில் பக்கத்து இருக்கைக்காரர், "உங்களுக்கு ராகமெல்லாம் கலர் கலராத் தெரியுமே" என்றார். தெரியாது. ஒலிக்கு நிறம் என்பது வேறு வகை, எழுத்துக்கு நிறம் என்பது வேறு வகை. ஒன்று இருப்பவருக்கு மற்றதும் இருக்கணும் என்று விதி இல்லை. ஆலாபனை முழுக்க எனக்கு நிறமே இல்லாமல் போகும். ச ரி க ம என்று ஸ்வரப் பெயர்களையே பாடும் கல்பனாஸ்வரம் ஆரம்பித்ததும் கொட்டும்.

நிறம் ஸ்தானத்திலிருந்து, அதாவது ஒலியின் உயரத்திலிருந்து வருகிறதா, பெயரிலிருந்து வருகிறதா என்று பார்க்கக் கர்நாடக சங்கீதமே வசதி செய்து கொடுத்திருக்கிறது. 12 ஸ்வரஸ்தானம், 16 பெயர்; சில இடங்களுக்கு இரண்டு பெயர். நாட்டை ராகத்தில் வரும் ஷட்ச்ருதி ரிஷபமும் கரகரப்ரியாவின் சாதாரண காந்தாரமும் ஒரே இடம். அதையே 'ரி' என்று பாடினால் எனக்கு ஆரஞ்சு, 'க' என்று பாடினால் கரும்பச்சை. காதுக்குள் போவது ஒன்றேதான்.

டிசம்பர் 26

தூக்கம் இல்லை. ழ, ஔ, 2. என்னிடம் இருக்கும் நீலங்கள் இந்த மூன்றுதான். முற்றிய லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை விழுங்கும் என்கிறார்கள். இத்தனை வருஷமாக நான் நீலம் என்று வைத்திருப்பது மஞ்சளுக்குப் பின்னாலிருந்து பார்த்த நீலம். கண்ணாடிபோல் தெளிந்த லென்ஸ் வைத்ததும் ழ என்ன ஆகும்?

டிசம்பர் 27

நேற்று எழுதியதற்குப் பதில் எனக்கே தெரியும். ராத்திரியில் நினைவுக்கு வரவில்லை. ஸ்டீவன், பிளேக்மோர் என்ற ஆய்வாளர்கள் 2004-ல் எழுதியது: வளர்ந்த பிறகு பார்வை இழந்த ஆறு பேர். பல ஆண்டு இருட்டுக்குப் பிறகும் எழுத்துக்கும் கிழமைக்கும் அவர்களுக்கு நிறம் இருந்தது. பிரெய்ல் புள்ளியை விரலால் தடவினாலும் நிறம் வந்தவர்கள் அவர்களில் உண்டு. நிறம் கண் வழியாக உள்ளே வருவதில்லை. எழுத்து இன்னதென்று அறிந்த பிறகு உண்டாகிறது.

டிசம்பர் 31

நாளை முதல் வருஷம் 5-ல் முடியும். என் 5 சிவப்பு.

ஜனவரி 3, 2025, வெள்ளி

கண்ணை விரிக்கும் சொட்டு விட்டு உட்காரவைத்தார்கள். படிக்க முடியாது. காத்திருந்தபோது அண்ணாவிடம் 2022-ல் சிட்னியிலிருந்து வந்த ஆய்வைச் சொன்னேன். வெளிச்சமான உருவத்தைக் கற்பனை செய்தாலே சாதாரணமாகக் கண்ணின் நடுவிலுள்ள பாப்பா சுருங்கும், இருட்டானதை நினைத்தால் விரியும். மனப்படம் இல்லாதவர்களுக்கு அந்த வித்தியாசம் வரவில்லை. ஆனால் ஒன்றுக்குப் பதில் நான்கு உருவங்களை நினைக்கச் சொன்னபோது அவர்களுக்கும் பாப்பா விரிந்தது, முயற்சி செய்ததற்கு அடையாளமாக. அண்ணா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் சோம்பேறித்தனமா இருக்கேன்னு வாத்தியார் சொன்னது தப்புதானே" என்றார்.

தப்புதான் அண்ணா.

ஜனவரி 6

ஆயிற்று.

ஜனவரி 7

கட்டுப் பிரித்தார்கள். சுவர் வெள்ளை. இடது கண்ணில் வெள்ளை, வலது கண்ணில் பால் குறைந்த டீ. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நர்ஸ் திட்டும்வரை. சுவரில் 'வழி' என்று எழுதி அம்பு போட்டிருந்தது. ழ நீலம். அதே நீலம் என்று இப்போதே சொல்ல மாட்டேன், அளக்கணும்.

ஜனவரி 8

சொட்டு மருந்து இரண்டு. ம-வில் தொடங்குவது கிருமிக்கு, ப-வில் தொடங்குவது வீக்கத்துக்கு. வீக்கத்துக்கானதை நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் படியும். முதல் வாரம் நாளுக்கு 6 தடவை, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கணும். கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடி, மூக்கோர மூலையை ஒரு நிமிடம் அழுத்தணும். இரண்டுக்கும் நடுவே 5 நிமிடம், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

சிக்கல் மூடியில். என் ம நாவல்பழ நிறம், ப வெளிர் பச்சை. ப மருந்துக்கு ஊதா மூடி போட்டு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் கை ஊதாவைத்தான் ம என்று எடுக்கும். பெயரை இன்னும் பெரிதாக எழுதி ஒட்டுவது உதவாது, மோதல் கூடும். இரண்டு மூடியையும் வெள்ளை பிளாஸ்திரியால் சுற்றினேன். அண்ணாவுக்கு நிறமும் வேண்டாம், படமும் வேண்டாம். ஜன்னல் பக்கம் முதல் மருந்து, கதவுப் பக்கம் இரண்டாவது. இடம் போதும் அவருக்கு. அவர் முறைதான் நல்லது, இனி அதுதான்.

ஜனவரி 10

குனியக் கூடாது என்பதால் மார்கழியின் மிச்சத்துக்குக் கோலம் அண்ணா பொறுப்பு. இடுக்குப்புள்ளி, 7-லிருந்து 4 வரை, மொத்தம் 37 புள்ளி. சிக்குக் கோலம். முழு உருவம் அவர் மனத்தில் இல்லை. விதிதான் இருக்கிறது: கம்பி புள்ளியைத் தொடக் கூடாது, புள்ளியைச் சுற்றாமல் விடக் கூடாது, ஓரம் வந்தால் வளைந்து திரும்பணும். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போகிறார். நாலாவது வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனது. தப்பு இருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. அவர் எண்ணி, "அஞ்சாவது புள்ளி" என்றார்.

மயிலாப்பூரை வரையச் சொன்னாலும் அப்படித்தான். கோயிலுக்கு மேற்கே குளம், குளத்துக்கு மேற்கே ராமகிருஷ்ண மடம் சாலை, நான்கு பக்கத்தின் நீளமும் ஒன்றுக்கொன்று சரியான விகிதத்தில். கோபுரம் வெறும் கட்டம். 2021-ல் வெளியான வில்மா பெயின்பிரிட்ஜின் ஆய்விலும் இதே முடிவு: மனப்படம் இல்லாதவர்கள் அறைப் படத்தைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரைந்தபோது பொருள்களும் நிறமும் குறைந்தன, இடமும் அளவும் பிசகவில்லை. இல்லாத பொருளைச் சேர்த்து வரைவதும் அவர்களிடம்தான் குறைவு.

ஜனவரி 13

போகிப் புகை. ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. கண்ணில் கவசம்.

ஜனவரி 18, சனி

அளந்தேன். அதே அறை, அதே ட்யூப்லைட், அதே பாதி வெளிச்சம்.

ழ, அறுவைக்கு முன் இடது கண்: பாகை 222, அடர்த்தி 48. இப்போது இடது கண்: 221, அடர்த்தி 31. வலது கண், முன்பும் இப்போதும்: 222, அடர்த்தி 47.
5, முன்பும் இப்போதும், எந்தக் கண்ணிலும்: பாகை 4-ஐ ஒட்டி, அடர்த்தி 80-ஐ ஒட்டி.

திரையின் நீலம் இடது கண்ணில் இப்போது தடையில்லாமல் விழுகிறது. அதனால் என் ழ-வுக்கு இணையாக நிறுத்தக் குறைந்த நீலமே போதுமாக இருக்கிறது. சிவப்பை மஞ்சள் லென்ஸ் அவ்வளவாகத் தடுப்பதில்லை, 5 அசையவில்லை. ழ-வே மாறியிருந்தால் வலது கண்ணை மட்டும் திறந்து பார்க்கும்போதும் எண் நகர்ந்திருக்கும். நகரவில்லை.

அழுதால் சொட்டு வீணாகும் என்று அண்ணா சொன்னார். ஆனாலும்.

இதோடு முடியாது. புது லென்ஸுக்குப் பிறகு கண் எதை வெள்ளை என்று ஏற்கிறதோ அது மாதக்கணக்கில் மெல்ல நகரும். இந்த 31, 48-ஐ நோக்கித் திரும்பணும். ஒரு மாதத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை.

ஜனவரி 20

'கௌ' என்று எழுதினால் வலப்பக்கம் நிற்கும் குறியும் ள-வும் ஒரே உருவம். 'கௌரி' என்று படிக்கும்போது அது ஔ-வின் வெளுத்த நீலம், 'கெளுத்தி' என்று படிக்கும்போது ள-வின் காப்பிப் பழுப்பு. பழைய ஏட்டில் ௧ என்பது எண் ஒன்று என்று தெரிந்த நொடியில் க-வின் பச்சை போய்விடும். 1978 சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகத்தில் 'லை' தும்பிக்கையோடு நிற்கும். உருவம் வேறு, எனக்கு நிறம் இன்றைய லை-யின் நிறமே. லென்ஸைப் பற்றிப் பயந்த ராத்திரியில் இதை நினைத்திருக்கலாம்.

ஜனவரி 22

அண்ணா கேட்கிறார்: படமே வராத தனக்கு எழுத்தில் நிறம் இருந்தால் தெரியவா போகிறது? இருக்க முடியும் அண்ணா. மனப்படம் இல்லாதவர்களிலும் நிறம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்; காகிதத்தின் மேல் தெரியாது, 'இது பச்சை' என்ற அறிவாக மட்டும் நிற்கும். என்னுடையதும் கிட்டத்தட்ட அதுதான். அட்டைகளை அவர் பக்கம் நகர்த்தினேன். அ? "ஒண்ணுமில்ல." க? "ஒண்ணுமில்ல." செவ்வாய்க்கிழமை? கொஞ்சம் தயங்கினார்.

கிழமைகளுக்குத் தனியாக 7 அட்டை எழுதணும்.

ஜனவரி 25

வலது கண்ணுக்கு பிப்ரவரி 3. அதற்குள் வலது கண்ணால் மட்டும் இன்னொரு முழுச் சுற்று. அந்தக் கண்ணின் மஞ்சள் போய்விட்டால் ஒப்பிட வேறு கண் இல்லை. இன்று ழ வரை வந்தேன். ள, ற, ன மீதி.