டனல் கூடாரமும் நானும்: எட்டு முறை அடித்துப் பார்த்த கணக்கு

இதுவரை நான் அடித்ததெல்லாம் குவிமாடக் கூடாரங்கள். இரண்டு கம்புகளைக் குறுக்காக வளைத்துச் செருகினால் தானாகவே நின்றுவிடும். இடம் பிடிக்காவிட்டால் அப்படியே தூக்கி நகர்த்தலாம். பல நாள் மலைநடைக்கு எடை கூடாமல் உள்ளே இடம் தாராளமாக வேண்டும் என்றுதான் டனல் கூடாரத்துக்கு மாறினேன். மூன்று வளைகம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும், கூண்டு வண்டியின் கூண்டு போல.

முதல் முறை. காற்று அசையாத மாலை, சமமான புல்தரை. கம்புகளைச் செருகி முன்வளைவை நிமிர்த்தினேன், பின்வளைவு படுத்தது. பின்வளைவை நிமிர்த்த ஓடினேன், முன்வளைவு படுத்தது. கூண்டு வண்டிக்காவது அடியில் சட்டம் உண்டு. இதற்கு எதுவுமில்லை, முளை அடிக்கும்வரை இது வெறும் துணிமூட்டை. அது உறைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. மொத்தம் 42 நிமிடம். கையேட்டுப் படத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை முழுவதும் கம்போடு மல்லுக்கட்டியதிலேயே போனது. கம்பு என்பது சிறு அலுமினியக் குழாய்த் துண்டுகள். உள்ளே ஓடும் மீள்கயிறுதான் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. துணிக்குழலுக்குள் கம்பை இழுத்தேன். உள்ளேயே துண்டுகள் பிரிந்து, ஒன்றின் விளிம்பு துணியைக் கவ்விக்கொண்டது. தள்ள வேண்டும், இழுக்கவே கூடாது. கழற்றும்போதும் அப்படித்தான், வந்த வழியே தள்ளி வெளியேற்ற வேண்டும். என் கூடாரத்தில் குழலின் ஒரு முனை மூடியிருக்கும். மறுமுனையில் கம்பின் நுனியைப் பதித்து வாரை இழுத்தால் வளைவு எழும். முந்தைய முறை இறுக்கிய வாரைத் தளர்த்த மறந்ததால், ‘கம்பு நீளமாகிவிட்டதோ’ என்று கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறைதான் சூட்சுமம் பிடிபட்டது. பின்முனையின் இரண்டு முளைகளையும் முதலில் அடித்துவிட்டு, முன்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். நனைந்த வேட்டியை இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுப்பது போலத்தான். இங்கே மறுமுனையில் நிற்கும் ஆள் முளை. துணி விறைத்ததும் மூன்று வளைவுகளும் தாமாக எழுந்து நின்றன. இந்தக் கூடாரத்தை நிறுத்துவது கம்பு அல்ல, நீளவாக்கில் உள்ள இழுப்பு. கம்பு வடிவத்தை மட்டும்தான் தருகிறது. குவிமாடத்திலேயே பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம்.

அதன்பின் சுருக்கங்களைப் படிக்கக் கற்றேன். வளைவுகளுக்கு நடுவே துணி தொங்கினால் இழுப்பு போதவில்லை. மூலைவிட்டமாகச் சுருக்கம் ஓடினால் ஏதோ ஒரு மூலை கோணலாக இருக்கிறது. முளையைப் பிடுங்கித் திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாசல் ஜிப்பை மூடிவிட்டுத்தான் இறுக்க வேண்டும் என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். திறந்து வைத்து இறுக்கியிருந்தேன். இரவில் ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

நான்காவது முறை, வேண்டுமென்றே காற்றடிக்கும் மேட்டில். விரித்த கணமே துணி பட்டமாகிவிட்டது. அதன்மேல் படுத்துத்தான் பிடித்தேன். இப்போதெல்லாம் விரிப்பதற்கு முன்பே காற்று வரும் பக்கத்து முனையை ஒரு முளையில் மாட்டிவிடுகிறேன். தாழ்வான பின்முனை காற்றைப் பார்த்திருந்தால் காற்று மேலேறி வழுக்கிப் போய்விடுகிறது. சோதனைக்காகக் கூடாரத்தைப் பக்கவாட்டில் திருப்பி அடித்துப் பார்த்தேன். நடு வளைவு உள்ளே குழிந்து, படுத்திருந்த என் தோளைத் தொட்டது. பக்கத்து இழுகயிறுகளைக் கட்டியதும் குழிவு பெரிதும் குறைந்தது. அவற்றை அதுவரை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

முளையின் கோணத்தையும் அன்றுதான் கவனித்தேன். தலை கூடாரத்தை விட்டு வெளியே சாய்ந்திருக்க, கூர்முனை கூடாரத்தின் பக்கமாக இறங்க வேண்டும். மாற்றி அடித்தால் கயிறு நழுவி மேலேறிவிடுகிறது.

ஐந்தாவது முறை மழையில். உள்கூடாரம் வெளித்துணியோடு ஏற்கெனவே கோத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகவே எழுகின்றன. படுக்கும் இடம் நனையவில்லை. இந்த ஒன்றுக்காகவே பழைய கூடாரத்தை மன்னிக்க மாட்டேன். ஆனால் நைலான் நனைந்தால் தளரும். படுப்பதற்கு முன் வெளியே போய் எல்லாக் கயிறுகளையும் இன்னொரு முறை இறுக்க வேண்டியிருந்தது. அடிவிரிப்பு வெளித்துணியைத் தாண்டி ஒரு விரற்கடை நீட்டியிருந்தது. வழிந்த நீரையெல்லாம் அது ஏந்திக் கூடாரத்தின் அடியில் கொண்டுவந்து சேர்த்தது. மடித்து உள்ளே தள்ளியதும் சரியானது.

ஆறும் ஏழும் கல்தரையில். முளை இறங்காத இடத்தில் ஒரு சாண் தள்ளி அடித்தேன், அதுவும் முடியாத இடத்தில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றினேன். அவ்வளவுதான்.

எட்டாவது முறை உண்மையான பயணம், இரண்டு இரவுகள். முதல் மாலை 11 நிமிடத்தில் கூடாரம் நின்றது. விடியற்காலையில் வெளித்துணியின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள். தையல் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி அரை மணி நேரம் விளக்கடித்துத் தேடினேன். ஒழுகவில்லை, குளிருக்குப் பயந்து இரு முனைக் காற்றுத்துளைகளையும் நானே மூடியிருந்தேன், என் மூச்சின் ஈரம்தான் அது. மறுநாள் இரவு திறந்து வைத்தேன். துளிகள் இருந்தன, ஆனால் ஒரு கைத்துணியால் துடைத்து முடிக்கும் அளவுக்குத்தான்.

கழற்றும்போது காற்றுப்பக்க முளைகளைக் கடைசியாகப் பிடுங்கினேன். ஈரமான வெளித்துணியைப் பையின் மேற்புறத்தில் தனியாகக் கட்டி, வீடு வந்ததும் இரண்டு நாள் உலர்த்தினேன். முளைகளை எண்ணினேன். போகும்போது 14, இப்போது 13.