ஆயாவின் அண்ணனுக்குத் திதி கிடைத்த விதம்

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் நாங்கள். என் ஆயாவின் அண்ணன் இருபது வயதில் பட்டாளத்துக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர். இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையன்று மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் படைத்து வந்தோம். அவனுக்கென்று ஒரு நாள் இல்லையே என்பது தொண்ணூறைத் தொட்ட ஆயாவின் தீராத குறை. அந்த நாளைத் தேடித்தான் சென்ற ஆண்டு இதில் இறங்கினேன்.

பட்டாளத்துக்குப் போவதற்கு முன் அவர் வேர்க்கடலைக் கொல்லையில் கவலை, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் ஏற்றம், ஓட்டியவர். மாடுகள் பின்னுக்கு நடந்து, நீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும்போது அவர் எடுக்கும் பாட்டில் இரண்டு அடிகள் ஆயாவுக்கு இன்னமும் நினைவிருக்கின்றன. மாடுகளில் ஒன்று செத்துப்போனதால் ஏற்பட்ட கடனை அடைக்கவே மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். அப்படை வீரர்களை இன்றளவும் "தம்பி" என்றே அழைக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் அண்ணனாக இருந்தவர் அங்கே போய்த் தம்பியானார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. மாதாமாதம் வந்த மணியார்டர் ஒருநாள் நின்றது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. அதையும் கரையான் தின்றுவிட்டது.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் பெயரை வைத்துத் தேடிய மூன்று வாரமும் வீணாயிற்று. "சாமி" என்று முடியும் பெயரை அந்தக் காலத்து எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஆயா "ஆற்காட்டு ஜில்லா" என்றே சொல்லி வந்ததால் நானும் வட ஆற்காட்டையே தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அடங்கிய சித்தூர் 1911ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமாகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

வழி திறந்தது ஆயாவின் தகரப் பெட்டியில்தான். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த மணியார்டர் கூப்பன்களில், "மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கவும்" என்று காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்த ஒன்றின் ஓரத்தில் அவருடைய படை எண் இருந்தது. இதுபோல் தேடுகிறவர்கள் பெயரை விட்டுவிட்டு முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். எண்ணை இட்டதும் ஒரே ஒரு பதிவு வந்தது. தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் சற்றே சிதைந்திருந்தாலும் நம்முடையவை என்பதில் ஐயமில்லை. இறந்த நாள் 1944 மே 15, நினைவிடம் இன்றைய நாகாலாந்தில் உள்ள கோஹிமா.

கோஹிமாப் போர் 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை நடந்தது. அங்குள்ள போர்க்கல்லறையின் மேற்பகுதியில், தங்கள் முறைப்படி தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. அவர் பெயர் அதில்தான் உள்ளது. இதை வாசித்துச் சொன்னபோது ஆயா நாளைக் கேட்கவில்லை. "எரிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எண்பது ஆண்டுகளாக அண்ணன் ஏதோ காட்டில் நாதியற்றுக் கிடந்ததாகவே அவர் நினைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மீண்டும் இரண்டு முறை அதையே சொல்லச் சொன்னார்.

பஞ்சாங்கக் கணக்கில் அந்த நாள் தாரண ஆண்டு, திங்கட்கிழமை, தேய்பிறை அஷ்டமி. உள்ளூர்ப் புரோகிதர் தெலுங்கு முறைப்படி வைசாக பகுள (தேய்பிறை) அஷ்டமி என்று குறித்துக் கொடுத்தார். தெலுங்கு மாதம் அமாவாசையோடு முடிவது, நம்முடையது சூரியனைப் பின்பற்றுவது. ஆகவே இரண்டும் எல்லா ஆண்டும் ஒத்துப்போவதில்லை. ஆயா வைகாசித் தேய்பிறை அஷ்டமியென்று முடிவு செய்துவிட்டார். அன்றைக்குக் கூழ் காய்ச்சிப் படைக்க, பக்கத்துக் கொல்லைக்காரரிடம் இப்போதே இரண்டு படி கம்பு சொல்லி வைத்திருக்கிறார்.