தையல் பிரித்த பிறகும் நீளும் முழங்கால் வலி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் இளமையைக் கழித்து, இன்று தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளில் வாழும் பெண்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு விரைவில் முழங்காலுக்கு வந்துவிடும். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு ஓடி, மேடும் பள்ளமுமான நிரைகளில் மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டி, வெயில் ஏறியதும் நிறைந்த வாளிகளைக் தோளில் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுச் சுமந்து நடந்த கால்கள் அவை. என் தாயாரும் அப்படி உழைத்தவர். தேய்ந்த மூட்டோடு காலம் தள்ளுவதைத் தவிர அவருக்கு வேறு வழி வாய்க்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டுகள் நின்றபடியே பாடம் நடத்திய எனக்கு, ஓய்வுபெற்ற பிறகு, வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாகவே நடந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். தையல் பிரித்ததும் கால் சரியாகிவிடும் என்று நம் மக்களில் பலர் நம்புகிறார்கள். மூன்றாம் மாதத்திலும் வலி இருந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அதைக் கேட்ட இன்னொருவர், தமக்கு வேண்டிய சிகிச்சையையே வேண்டாமென்று தள்ளிப்போடுகிறார். 'என்ன டீச்சர், இன்னுமா கால் நோவுது?' என்று என்னைக் கேட்காதவர் எங்கள் வீட்டு வரிசையில் இல்லை. அன்பினால் கேட்கப்படும் கேள்விதான் அது. ஆயினும் நோயாளியின் மன உறுதியை அது மெல்ல அரித்துவிடுகிறது.

தோல் இரண்டு மூன்று வாரங்களில் கூடிவிடும். உள்ளே நடந்த வேலை அவ்வளவு சிறியதன்று. தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பையும் சீவி, உலோகப் பாகங்களைப் பொருத்தி, அவற்றின் நடுவே உறுதியான பாலிஎதிலின் தகட்டை வைக்கிறார்கள். அந்தக் காயம் உள்ளுக்குள் ஆறி முடியும்வரை, அதாவது மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், வீக்கம் வந்துவந்து போகும். தொட்டால் மற்ற முழங்காலைவிடச் சூடாக இருக்கும். நடக்கும்போது 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் ஒலி அது, வலி இல்லாதவரை அஞ்ச வேண்டியதில்லை. வடுவின் வெளிப்பக்கத்தில் தோல் மரத்துப்போயிருக்கும். கீறும்போது தோலுக்கான சிறு நரம்புக் கிளை அறுபடுவதே காரணம். அந்த மரப்பு நாளடைவில் சுருங்கும், சிலருக்கு முழுவதும் போகாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது என்பதால், அங்கே வெந்நீர்ப் பை வைப்பது ஆபத்து.

இவற்றைவிட என்னை வாட்டியது இரவு வலிதான். பகலின் நடமாட்டத்தில் மறைந்திருக்கும் வலி, வீடு அடங்கிய பிறகு தலைதூக்கும்; எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கால் இடம் கேட்கும். அப்போது முழங்காலுக்கு அடியில் தலையணையைச் செருகினால் இதமாக இருக்கும், ஆனால் அதைச் செய்யக்கூடாது. முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால், பிறகு காலை நேராக நீட்ட முடியாமல் நடையே கோணிவிடும். தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வைத்து, முட்டியின் பின்புறத்தைத் தொங்கவிட வேண்டும். பிசியோ பயிற்சிக்கு ஈப்போ போன நாள்களில், அங்கிருந்த மலாய்ப் பெண் என்னைப் படுக்க வைத்து, முட்டியின் பின்பக்கத்துக்கும் மெத்தைக்கும் இடையில் தம் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். கை நுழைந்தால், 'பெலான்-பெலான் (மெதுவாக), அம்மா' என்று சொல்லி, தொடைத்தசையை இறுக்கி அந்தக் கையைக் கீழே அமுக்கச் சொல்வார். வலிக்கும்; ஆனாலும் பின்னாளில் நான் நேராக நடக்க அந்தப் பயிற்சியே உதவியது என்பதில் எனக்கு ஐயமில்லை. வலி மாத்திரையைப் பயிற்சிக்குச் சற்று முன்னதாக எடுப்பதும், பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை ஒரு கால் மணி நேரம் வைப்பதும் மருத்துவர் அனுமதித்த அளவில் பெரிதும் துணைசெய்தன.

பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி வேறு, உடனே ஓட வேண்டிய வலி வேறு. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் கோடாலித் தைலம் பூசுவதும் எங்கள் ஊரில் பாசத்தோடு செய்யும் உதவிகள். ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி, தொட்டால் நோவெடுத்தால், அது நரம்புப் பிடிப்பு என்று எண்ணி உருவவே கூடாது. இரத்தம் உறைந்திருக்கக்கூடும், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காய்ச்சல், வடுவில் கசிவு, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு ஆகியவை கிருமித்தொற்றின் அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். அந்த நோய் நம்மவர்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அளவு மீறிய எதிர்பார்ப்பும் வேண்டாம். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோயில் தரையில் சம்மணமிட்டு உட்காருவதும், குந்தி அமர்ந்து காய் நறுக்குவதும் பெரும்பாலோருக்குத் திரும்ப வாய்ப்பதில்லை. நான் திருவிழாவில் நாற்காலியில் அமர்ந்தே சாமி கும்பிடுகிறேன். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. படியேறவும் பாசாருக்கு (சந்தைக்கு) நடந்து போய்வரவும் முடிகிறது. முன்னேற்றம் ஓராண்டு வரையிலும்கூடத் தொடரும் என்பதை மருத்துவமனையிலேயே, சிகிச்சைக்கு முன்னரே, அவரவர் மொழியில் சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் கலக்கம் தீரும்.

இன்னொன்றிலும் காத்திருக்கக்கூடாது. இத்தனை பயிற்சிக்குப் பிறகும் முட்டி 90 பாகை அளவுகூட மடங்கவில்லை என்றால், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு. உள்ளே வடுத்திசு இறுகிப்போவதற்கு முன், முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் அதற்கு நல்ல பலன் கிடைக்கும்.